மைக்கில் கிடைத்த வேலை

தலைவரே, நீங்கள் பொய் சொன்னீர்கள். அம்மன் சன்னிதிக்கு நேர் எதிரே, ஒரு கையில் மைக்கும் இன்னொரு கை என் தோளிலுமாக நின்று சொன்னீர்கள். கூட்டம் கைதட்டியது. நான் கும்பிட்டேன். அந்த ஒரு கும்பிடுதான் இன்றைக்கு என் வீட்டு வாடகையை நிறுத்தி வைத்திருக்கிறது.

உங்கள் பேரை எழுத மாட்டேன். என் பேரும் வேண்டாம், தோட்டத்தின் பேரும் வேண்டாம். மலேசியாவில், ஈப்போவுக்கும் காம்பாருக்கும் நடுவில் அப்படிப்பட்ட ரப்பர் தோட்டங்கள் வரிசையாக இருந்தன. தோட்டங்கள் போய்விட்டன, கோயில்கள் நிற்கின்றன, கோயிலுக்கு ஒரு தலைவர் இருக்கிறார். தெரிய வேண்டியவர்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்காக முதலில் இருந்து சொல்கிறேன்.

நான் அந்தத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் குடியிருந்த வரிசை வீட்டில், பிறந்தவன். ரப்பரைச் சாய்த்துவிட்டு எண்ணெய்க்குச் செம்பனை வைத்தார்கள். செம்பனையையும் எடுத்துவிட்டு இப்போது வீடு கட்டி விற்கிறார்கள். அதில் ஒரு வீட்டையாவது எங்கள் ஆள் வாங்கியதாக நான் கேள்விப்படவில்லை. தோட்டத்தை நினைத்து எனக்கு ஏக்கம் கிடையாது. மழைக்காலத்தில் லயத்துக் கக்கூசுக்கு வரிசையில் நின்றவன் எவனும் ஏங்க மாட்டான். ஆனால் கோயில் அங்கே இருக்கிறது. வருஷத்துக்கு ஒரு தடவை, திருவிழாவுக்கு, சிதறிப்போனவர்கள் எல்லாரும் அங்கே போவோம். யார் எப்படி இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள எங்களுக்கு வேறு இடம் இல்லை.

நான் லோரி ஓட்டினேன். ஈப்போவிலிருந்து லூமுட், லூமுட்டிலிருந்து ஈப்போ. சிமெண்டு, உரம், மீன் பெட்டி, எது கிடைத்தாலும் ஏற்றினேன். லோரிக்காரனுக்குச் சாப்பாட்டு நேரம் கிடையாது. பசித்தால் ரொட்டி, தூக்கம் வந்தால் சீனி போட்ட கோப்பி. இனிப்பு நீர் வந்தது. வந்ததை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கால் பெருவிரலில் சின்னதாக ஒரு புண். செருப்பு கடித்தது என்று நினைத்தேன். முதலில் விரலை எடுத்தார்கள், பிறகு பாதத்தை, பிறகு முட்டிக்குக் கீழே மொத்தமாக. லோரி முதலாளி ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்தார். வெளியே போகும்போது என் லோரிச் சாவியை மறக்காமல் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகுதான் உதவிப்பணம். எங்கள் பேச்சில் கெபாஜிக்கான் என்றால் சமூகநல அலுவலகம். அங்கே வேலை செய்ய முடியாத ஊனமுற்றவர் என்று என்னைப் பதிந்தார்கள். மாதாமாதம் பணம் வந்தது. அது அடுக்குமாடி வீட்டு வாடகைக்குப் போகும். சாப்பாடு என் வீட்டுக்காரியின் சம்பளத்தில். அவள் காலையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவுகிறாள். இரண்டில் ஒன்று நின்றாலும் குடும்பம் நின்றுவிடும். இதுதான் எங்கள் நிலைமை. இதற்குமேல் விளக்க ஒன்றும் இல்லை.

சும்மா இருக்க முடியாமல் வீட்டில் பூண்டு உரித்தேன். பசாரில் மசாலா அரைக்கும் ஒரு சீன முதலாளி, தௌக்கே என்போம், மூட்டையைக் கொண்டுவந்து போட்டுவிட்டுப் போவார். உரித்துக் கொடுத்தால் காசு. கொஞ்சம்தான், ஆனால் என் இன்சுலின் ஊசி முனைகளுக்கும் காலுக்குக் கட்டும் துணிக்கும் ஆகும். அதையும் சமூகநல அலுவலகத்தில் சொன்னேன். அங்கே இருந்த மலாய்ப் பெண் அதிகாரி என் நகங்களைப் பார்த்துச் சிரித்தார்.

“அங்கிள், நீங்கள் சொல்லாவிட்டாலும் வாசம் சொல்லிவிட்டது” என்றார் மலாயில். எழுதிக்கொண்டார். இவ்வளவு சின்ன வரும்படிக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் நிரந்தர வேலை கிடைத்தால் உடனே சொல்ல வேண்டும் என்றார். சரி என்றேன். நான் மறைத்து வாங்கித் தின்றவன் இல்லை. படிக்கிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

திருவிழாவுக்குச் சில வாரங்களுக்கு முன்னால் தலைவர் என் வீட்டுக்கு வந்தார். மூன்றாவது மாடி. லிஃப்ட் வழக்கம்போல் வேலை செய்யவில்லை. ஆரஞ்சுப் பழப் பையோடு மூச்சு வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். இவர் கோயில் தலைவர் மட்டும் இல்லை. ஈப்போவில் ஒரு காவல் கம்பெனி வைத்திருக்கிறார். தொழிற்சாலைகளுக்கு, பள்ளிக்கூடங்களுக்கு ஜாகாக்களை அனுப்புகிற கம்பெனி.

“தம்பி, ஏறி வாரதுக்குள்ள உயிரே போயிருச்சுலா. நீ எப்டி ஏறி எறங்குற?”

“எறங்குறதே இல்லண்ணே. அதான் சுலுவு.”

சிரித்தார். பிறகு விஷயத்துக்கு வந்தார். “லகாட் பக்கம் ஒரு தொழிற்சாலை. ஜாகா வேல. கேட்டுக்கிட்ட நாற்காலி போட்டு ஒக்காந்துக்கிட்டு, உள்ள வர்ற லோரி நம்பர எழுதுற. லோரியப் பத்தி ஒனக்குச் சொல்லித் தரணுமா என்ன?”

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு ஆசை வந்தது. லோரி சத்தம் கேட்டு எத்தனையோ காலம் ஆகிவிட்டது. கேட்டில் நான் உட்கார்ந்திருக்க, எவனாவது மரை கழன்ற லோரியைக் கொண்டுவந்து நிறுத்த, ‘என்னாலா இது, பிரேக் அடிச்சா இப்படியா கத்தும்’ என்று நான் கேட்பதுபோல மனதில் ஒரு படம் ஓடிவிட்டது.

“சம்பளம் எப்டிண்ணே? மாசத்துக்கா, நாளுக்கா?”

“ஒரு ஷிப்டுக்கு எழுவது வெள்ளி. பன்னண்டு மணி நேரம். அதெல்லாம் பாத்துச் செய்வோம்லா.”

“மாசத்துல எத்தன ஷிப்டு?”

“வர வரக் குடுப்போம்.”

“அப்ப ஒரு சூராட் குடுங்கண்ணே. என்ன வேல, என்ன சம்பளம், எந்தெந்த நாளுன்னு கடிதமா எழுதி. கெபாஜிக்கான்ல காட்டணும்.”

அவர் முகம் சுருங்கியது. “நம்ம தோட்டத்து ஆளுங்களுக்குள்ள சூராட் எதுக்கு தம்பி? எங்கப்பா ஒங்கப்பாவுக்கு சூராட்டா குடுத்தாரு?”

கொடுக்கவில்லை. அவருடைய அப்பா தோட்டத்துக் கிராணி, ஆள் கணக்கு எழுதுகிறவர். என் அப்பா ரப்பர் பால் வெட்டினவர். தோட்டத்தை மூடியபோது எத்தனை வருஷம் வேலை செய்தார் என்று காட்ட என் அப்பாவிடம் ஒரு துண்டுக் காகிதமும் இல்லை. அதனால் கிடைக்க வேண்டியது கிடைக்கவில்லை. இதை அன்றைக்கே அவர் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கலாம். ஆரஞ்சுப் பழம் மேசைமேல் இருந்தது. வீடு தேடி வந்த மனுஷன். யோசித்துச் சொல்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

அவர் போன பிறகு வீட்டுக்காரி வெடித்த கைகளுக்குத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டே கேட்டாள். “போனா எவ்ளோ நிக்கும்?”

மோட்டர் சைக்கிள் ஓட்ட எனக்கு முடியாது. ஷிப்டு நேரத்துக்கு அந்தப் பக்கம் பஸ் கிடையாது. வாடகைக் காடியில், டாக்சிதான், போய் வந்தால் கிட்டத்தட்ட பாதிச் சம்பளம் ரோட்டிலேயே போய்விடும். அப்படியும் மாதம் முழுக்க வேலை இருந்தால் உதவிப்பணத்தைவிடக் கூடத்தான். அரை மாதம் இருந்தால் ஏறக்குறைய அதேதான். அதற்குக் கீழே போனால் வேலைக்குப் போய் ஏழையாவதுதான். ஆக, எல்லாம் எத்தனை ஷிப்டு என்ற அந்த ஒரு பதிலில் இருந்தது. அதைத்தான் அவர் சொல்லவில்லை.

“கவர்மெண்டு காசு கொஞ்சந்தான். ஆனா தேதி தவறாம வருது” என்றாள். “ஒங்க அண்ணே என்னிக்காச்சும் தேதி தவறாம எதாச்சும் செஞ்சிருக்காரா?”

“திருவிழா தேதி தவறாதே.”

“அது அம்மன் வைக்கிற தேதி.”

எண்ணெய்ச் சீசாவை மூடி வைத்தாள். பிறகு, “போறதா இருந்தா போங்க. பூண்டு வாசத்துல படுத்துப் படுத்து எனக்கும் அலுத்துப் போச்சு” என்றாள். அவளுக்கும் ஆசை இருந்தது. என்னைக் காலையில் வேலைக்கு அனுப்ப வேண்டும் என்ற ஆசை. அது காசு ஆசை இல்லை.

சமூகநல அலுவலகத்துக்குப் போய்க் கேட்டேன். அதே அதிகாரி. வேலைக்குப் போகிற ஊனமுற்றவர்களுக்கு வேறு ஓர் உதவி இருக்கிறது, சம்பளம் ஓர் அளவுக்குள் இருந்தால் அது கிடைக்கும், சம்பளச் சீட்டு கொண்டு வாருங்கள் என்றார். வேலை போய்விட்டால் என்று கேட்டேன். திரும்ப மனு போட வேண்டும், வீட்டுக்கு ஆள் வந்து விசாரிப்பார்கள், முடிவு வர நாளாகும் என்றார். எவ்வளவு நாள் என்று கேட்டேன். உதட்டைப் பிதுக்கினார். “பயப்படாதீர்கள் அங்கிள். சீட்டும் நிரந்தர நாளும் இருந்தால் தைரியமாகப் போங்கள்” என்றார். நல்ல மனுஷி. என் தகராறு அவரோடு இல்லை.

சீட்டு, நிரந்தர நாள். இந்த இரண்டும் கிடைத்தால் போவது என்று வைத்துக்கொண்டேன். பழைய நீளக் காற்சட்டையை எடுத்துப் போட்டுப் பார்த்தேன். இடுப்பில் நிற்கவில்லை. பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டேன். செயற்கைக் காலை மாட்டிக்கொண்டு மூன்று மாடியையும் இறங்கி ஏறிப் பழகினேன். மேலே வந்து சேரும்போது தொடை நடுங்கும். இருந்தாலும் செய்தேன். உட்கார்ந்து தின்கிறவர்கள் என்று எங்களை மைக்கில் சொன்னீர்களே தலைவரே, அந்தப் படிக்கட்டைக் கேளுங்கள்.

லோரி ஓட்டிய காலத்து நண்பன் ஒருவன் இப்போது அதே கம்பெனியில்தான் ஜாகாவாக இருக்கிறான். எங்கள் அடுக்குமாடிக்குக் கீழே கோப்பிக் கடையில் அவனைப் பிடித்துக் கேட்டேன்.

“லகாட் தொழிற்சாலயா? அங்க நான்தான மச்சான் இருக்கேன்” என்றான்.

“அப்ப எனக்கு என்ன வேல?”

“ஒன்ன ஸ்பேரா போடுவாங்க. லோரில ஸ்பேர் டயரு இருக்குல்ல, எப்ப எறக்குவ?”

“டயரு வெடிச்சாத்தான்.”

“அதான் நீ. எவனாச்சும் வெடிக்கணும்.” கோப்பியை உறிஞ்சினான். “நான் இப்போதைக்கு வெடிக்கிற மாதிரி இல்ல மச்சான். மன்னிச்சுக்க.”

சிரித்துவிட்டேன். பிறகு அவன் சிரிக்காமல் சொன்னான். யாராவது லீவு போட்டால் போன் வரும், அப்போது போக வேண்டும். போனால் உறையில் கைக்காசு. ஸ்பேர் ஆளுக்குச் சம்பளச் சீட்டு கிடையாது, சேமநிதி கிடையாது. ஒரு மாதம் பத்து ஷிப்டு வரும், ஒரு மாதம் போனே அடிக்காது. “ஸ்பேர் ஆளுங்க பேரு நெறைய வச்சிருக்காரு. டெண்டர் போடுறப்ப ஆள் பலம் காட்டணும்ல” என்றான்.

அன்றைக்கே முடிவு எடுத்துவிட்டேன். கடிதமும் நிரந்தர நாளும் கொடுத்தால் வருகிறேன், ஸ்பேர் என்றால் வேண்டாம். இதைப் போனில் சொல்லியிருந்தால் கதை முடிந்திருக்கும். ஆனால் வீடு தேடி வந்து கேட்டவருக்குப் போனில் இல்லை என்று சொல்வது எங்கள் ஆட்களிடம் மரியாதைக் குறைவு. திருவிழாவில் நேரில் பார்த்து, ஓரமாகக் கூப்பிட்டு, பக்குவமாகச் சொல்லலாம் என்று வைத்திருந்தேன். அங்கேதான் மாட்டினேன்.

திருவிழா அன்று மத்தியானப் பூசை முடிந்து அன்னதானம் நடந்துகொண்டிருந்தது. நான் நாற்காலியில் உட்கார்ந்து சாப்பாட்டுக்குக் காத்திருந்தேன். வீட்டுக்காரி பெண்கள் பக்கம் சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தாள். தலைவர் மேடையில் மைக்கோடு நின்றார். வருஷா வருஷம் பேசுவதுதான் என்று யாரும் கவனிக்கவில்லை.

“நம்ம ஆளுங்க இன்னிக்கு எப்டி இருக்காங்க? கவர்மெண்டு காசு வருதுன்னு கால ஆட்டிக்கிட்டு ஒக்காந்து திங்கிறாங்க. வேல குடுத்தா வாரதில்ல! வெளிநாட்டுக்காரன் வந்து செய்றான்!”

எனக்கு ஆட்ட ஒரு கால்தான் இருக்கிறது என்று பக்கத்தில் இருந்தவனிடம் சொன்னேன். அவனுக்குப் புரை ஏறிவிட்டது. அதற்குள் என்னை மேடைக்குக் கூப்பிட்டார்கள். இரண்டு இளவட்டங்கள் வந்து கைத்தாங்கலாகத் தூக்காத குறையாக ஏற்றிவிட்டார்கள்.

பூசாரி அம்மன் கழுத்திலிருந்து எடுத்த சாமந்தி மாலையைக் கொண்டுவந்தார். தலைவர் அதை வாங்கி என் கழுத்தில் போட்டார். ஈரமான மாலை, கனமாக இருந்தது. தோளில் கை போட்டார். பலகை மேடையில் செயற்கைக் கால் வழுக்கிவிடுமோ என்பதிலேயே என் புத்தி இருந்தது.

“இந்தத் தம்பியப் பாருங்க! ஒரு கால் இல்ல. ஆனா ஒழைச்சுத்தான் சாப்புடுவேன்னு சொல்லிட்டாரு. ஒண்ணாந் தேதியிலேருந்து நம்ம கம்பெனில வேல! இனிமே யாருகிட்டயும் கை நீட்ட மாட்டாரு!”

உறுமி மேளம் அடித்தது. கைதட்டினார்கள். என் முகத்துக்கு நேரே ஒரு பெண் பிள்ளை கைப்பேசியை நீட்டி நேரலையில் காட்டிக்கொண்டிருந்தாள்.

அந்த இடத்தில் நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று இன்றைக்குப் பலபேர் கேட்கிறார்கள். வெளியாட்கள் கேட்கலாம். எங்கள் கோயிலைத் தெரிந்தவன் கேட்க மாட்டான். அது தலைவர் வாங்கிய மாலை இல்லை, அம்மன் கழுத்து மாலை. அதைக் கழற்றிக் கையில் கொடுத்து, இல்லை அண்ணே, நான் வரவில்லை என்று சொன்னவன் அந்தக் கோயிலில் இதுவரை ஒருவனும் கிடையாது. மாலை கழுத்தில் விழுந்தால் கை தானாகக் கூடும். கூடியது. நான் அம்மனைக் கும்பிட்டேன். பார்த்தவர்களுக்கு வேலையை ஒப்புக்கொண்டதாகத் தெரிந்தது. அது உங்களுக்கும் தெரியும் தலைவரே. தெரிந்துதான் அந்த மாலையை எடுத்தீர்கள்.

மேடையிலிருந்து பார்த்தபோது வீட்டுக்காரி கரண்டியோடு நின்றுகொண்டிருந்தாள். அவள் மட்டும் கைதட்டவில்லை.

இறங்கும்போது, “அண்ணே, ஒரு வார்த்த பேசணும்” என்றேன். “அப்பறம் பேசலாம் தம்பி, வயிறாரச் சாப்டுட்டுப் போ” என்றார்.

ஒன்றாம் தேதி வந்தது. ஸ்பேர் வேலை வேண்டாம் என்று முடிவு எடுத்தவன்தான் நான். ஆனாலும் கம்பெனியிலிருந்து கூப்பிட்டு நாளும் சீட்டும் கொடுத்துவிட்டால் என்ன செய்வது என்று காற்சட்டை, பெல்ட், கால் எல்லாம் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். போன் அடிக்கவில்லை. நானே அடித்தேன்.

“ஆள் ஃபுல்லா இருக்கு தம்பி. ஒக்காந்திரு, கூப்புடுறேன்.”

உட்கார்ந்து தின்கிறார்கள் என்று மைக்கில் திட்டிய அதே வாய்தான் உட்கார்ந்திரு என்றது.

அடுத்து வந்த போன் சமூகநல அலுவலகத்திலிருந்து. யாரோ அந்த வீடியோவை அவர்களுக்கு அனுப்பிவிட்டார்கள். அதிகாரி கோபமாகப் பேசவில்லை. “அங்கிள், மாலையோடு அழகாக இருக்கிறீர்கள். எந்தக் கம்பெனியில் வேலை? ஏன் சொல்லவில்லை?” என்று கேட்டார். வேலை இல்லை என்றேன். முதலாளியே மைக்கில் இருக்கிறது என்கிறாரே என்றார். அவர் பக்கத்திலிருந்து பார்த்தால் அது நியாயம்தான். வேலை இருக்கிறது அல்லது இல்லை என்று முதலாளியிடம் கடிதம் வாங்கி வாருங்கள், அதுவரைக்கும் பணத்தை நிறுத்தி வைப்பதைத் தவிர எனக்கு வேறு வழி இல்லை என்றார்.

ஈப்போவில் இருக்கும் கம்பெனி ஆபீசுக்குப் போனேன். உள்ளே நுழைந்ததும் சுவரில் என் படம். மாலை, கும்பிடு, தோளில் அவர் கை. கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். அந்த ஆபீசில் எனக்கு வேலை இல்லை, ஆனால் என் படத்துக்கு இருந்தது.

“அண்ணே, நான் ஒங்க கிட்ட வேலைல இருக்கேன்னு எழுதுங்க, இல்லாட்டி இல்லன்னு எழுதுங்க. எதுனாலும் ஒண்ணு எழுதுங்க.”

“இருக்கன்னு எழுதினா சேமநிதி கட்டணும் தம்பி. வேலைக்கு வராத ஆளுக்கு நான் எப்டிக் கட்டுறது?”

“அப்ப இல்லன்னு எழுதுங்க.”

சுவரில் இருந்த படத்தைப் பார்த்தார். “அம்மன் முன்னால சொன்னதுலா அது. இல்லன்னு எழுதினா நாளைக்கு நாலு பேரு என்ன நெனைப்பாங்க? ஒனக்கு வேல இருக்கு தம்பி. இன்னும் கூப்புடல, அவ்ளோதான்.”

“கூப்புடாத வேலைக்கு என்ன பேருண்ணே?”

“நன்றி கெட்டுப் பேசாத. எத்தன பேருக்கு மால போட்டிருக்கேன், ஒருத்தனாச்சும் இப்டி வாசல்ல வந்து நின்னானா?”

எழுதவில்லை. இருக்கிறது என்றும் எழுதவில்லை, இல்லை என்றும் எழுதவில்லை. அவர் மேசையில் பேனா இருந்தது, காகிதம் இருந்தது. ஒரு வரி. அந்த ஒரு வரிக்கு நான் இரண்டு தடவை வாடகைக் காடி பிடித்துப் போய் வந்தேன்.

முதலாளி தராவிட்டால் நீங்களே சத்தியம் செய்து எழுதிக் கொடுக்கலாம் என்றார் அதிகாரி. எழுதிக் கொடுத்தேன். ஆனால் முதலாளியிடம் கேட்டு உறுதி செய்ய வேண்டும் என்பது அவர்கள் விதி. போன் செய்து கேட்டிருக்கிறார்கள். தலைவர் என்ன சொன்னார் தெரியுமா? “வேலை இருக்கிறது, அவர்தான் வரவில்லை.” அதிகாரி இதை என்னிடம் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. ஆக, இப்போது நான் காசை மறைத்தவன் இல்லை. கொடுத்த வேலைக்குப் போகாத சோம்பேறி. விசாரணை நடக்கிறது. எப்போது முடியும் என்று யாருக்கும் தெரியாது.

பூண்டும் போய்விட்டது. தௌக்கே காதுக்கும் செய்தி எட்டியிருக்கிறது. “நீ பெரிய கம்பெனிக்குப் போய்விட்டாய், இனி உனக்கு எதற்கு” என்று மூட்டையைப் பக்கத்து அடுக்குமாடியில் ஓர் அம்மாவிடம் கொடுத்துவிட்டார். அந்த அம்மாவுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். திருப்பிக் கொடு என்று நான் எந்த வாயால் கேட்பது?

வேறு இடத்தில் வேலை தேடவில்லையா என்பீர்கள். தேடினேன். ஒரு பேரங்காடியில் ஜாகா வேலைக்குக் கேட்டேன். நின்றுகொண்டே இருக்க வேண்டும் என்றார்கள். இன்னோர் இடத்தில், நீங்கள் அந்த வீடியோவில் வந்தவர்தானே, அந்தக் கம்பெனியில் இருக்கிறீர்களே என்றார்கள். வேலை இல்லாதவனுக்கு உதவி உண்டு. வேலை இருக்கிறவனுக்குச் சம்பளம் உண்டு. நான் இரண்டிலும் இல்லை. வேலைக்குப் போனால் கூட வருமா, உதவிப்பணத்தில் இருந்தால் கூட வருமா என்று அத்தனை நாள் உட்கார்ந்து யோசித்தோமே, அந்தக் கணக்கைப் போட இப்போது இரண்டு பக்கமும் ஒன்றும் இல்லை.

கோயில் பொருளாளர் போன் பண்ணினார். “அண்ணே, இப்ப சம்பளக்காரரு ஆயிட்டீங்க. இந்த வருஷம் சந்தா கொஞ்சம் கூட்டி எழுதிக்கலாமா?” கேலி இல்லை, நிஜமாகவே கேட்டார். கோப்பிக் கடையில் உட்கார்ந்தால், “வேல கெடச்ச ஆளு, இன்னிக்கு உங்க கணக்குதான் அண்ணே” என்கிறார்கள். இல்லை என்று ஒவ்வொருத்தனிடமும் சொல்லிப் பார்த்தேன். “அப்ப தலைவரு பொய்யா சொல்லுவாரு?” என்று கேட்கிறார்கள். என் ஒரு வாய் அந்த மைக்குக்கு ஈடாகவில்லை.

வீட்டுக்காரி இப்போது சாயங்காலமும் இன்னொரு கடையில் கழுவுகிறாள். கை வெடிப்புக்கு எண்ணெய் தடவக்கூட நேரம் இல்லாமல் படுத்துவிடுகிறாள். வீட்டுச் சொந்தக்காரர் வாடகைக்கு இதுவரை பொறுத்தார், இனிமேல் முடியாது என்று சொல்லிவிட்டார். அவரையும் குற்றம் சொல்ல மாட்டேன். அந்தச் சாமந்தி மாலையை வாசல் நிலையில் மாட்டி வைத்திருந்தோம். காய்ந்து சருகாகிவிட்டது. அம்மன் மாலை என்பதால் குப்பையில் போடவும் மனம் வரவில்லை. போகும்போதும் வரும்போதும் தலையில் உதிர்கிறது.

தலைவரே, கோயில் ஆண்டுக் கூட்டம் வருகிறது. அதே மேடை, அதே மைக், அதே ஆட்கள். தனியாக என்னைக் கூப்பிட வேண்டாம். ஆரஞ்சுப் பழம் வேண்டாம். உறையில் எதையும் வைத்து அனுப்ப வேண்டாம், அனுப்பினால் திருப்பி அனுப்புவேன். என் கேள்வி ஒன்றுதான். நீங்கள் எனக்கு வேலை கொடுத்தீர்களா, இல்லையா? கொடுத்தீர்கள் என்றால் எந்த நாள், எந்த கேட், எவ்வளவு சம்பளம் என்று மைக்கில் சொல்லுங்கள், மறுநாள் விடிந்ததும் செயற்கைக் காலை மாட்டிக்கொண்டு வந்து நிற்கிறேன். இல்லை என்றால் இல்லை என்று அதே மைக்கில் சொல்லுங்கள். அந்தப் பெண் பிள்ளையும் கைப்பேசியோடு வரட்டும். நான் முன்வரிசையில் இருப்பேன். பதில் சொல்லுங்கள்.